மடிக்கணினியில் வீடியோ நினைவகத்தைக் கூட்டினால் விளையாட்டு வேகமாகுமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே இருந்தன. எனவே தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில் விளையாடுவோரின் கேள்விகளை மட்டும் இந்தப் பகுதிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ5-1135ஜி7 செயலியும் 8 ஜிபி ரேமும் உள்ளன. கணினியின் விவரங்களைக் காட்டும் டிஎக்ஸ்டயாக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து பார்த்தால் டிஸ்ப்ளே மெமரி 128 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஜிடிஏ 5 விளையாட்டுக்குக் குறைந்தது 1 ஜிபி வேண்டுமாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் 512 எம்பி ஆகிவிடும் என்று விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில் தேடியும் அதைக் கூட்டும் வசதி கிடைக்கவில்லை. வாங்கும்போது ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று சொல்லி விற்றார்கள், ஆனால் டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று இருக்கிறது. நான் என்ன செய்வது? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான். அதற்கு வருவதற்கு முன் 128 எம்பி பற்றிய கவலையைத் தீர்த்துவிடுவோம்.

தனி கிராஃபிக்ஸ் அட்டைக்கு அதற்கே உரிய நினைவகச் சில்லுகள் உண்டு. செயலிக்குள்ளேயே அமைந்த ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது, அது கணினியின் பொது ரேமிலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. இப்படி எடுப்பது இரண்டு வகையில் நடக்கிறது. கணினி இயங்கத் தொடங்கும் கணத்தில், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, பயாஸ் ஒரு சிறு பகுதியைக் கிராஃபிக்ஸுக்கென்று ஒதுக்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த 128 எம்பி இந்த ஒதுக்கீடு மட்டுமே. அதற்கு மேல் தேவைப்படுவதை, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விண்டோஸ் பொது ரேமிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, விளையாட்டை மூடியதும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இதற்கான உச்சவரம்பு வழக்கமாக மொத்த ரேமில் ஏறத்தாழ பாதி. டிஎக்ஸ்டயாக்கில் 128 எம்பி என்ற வரிக்குக் கீழேயே ஷேர்டு மெமரி என்று கிட்டத்தட்ட 4000 எம்பி இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூ (கிராஃபிக்ஸ் செயலி) வரைபடத்தைப் பாருங்கள். பகிர்வு நினைவகம் 3.9 ஜிபியில் ஒன்று, ஒன்றரை என்று ஏறிக்கொண்டே போவது கண்ணெதிரே தெரியும். விளையாட்டு கேட்கும் 1 ஜிபி உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒதுக்கப்பட்ட நினைவகமும் பகிர்வு நினைவகமும் ஒரே ரேம் சில்லுகளில்தான் இருக்கின்றன, இரண்டும் ஒரே வேகத்தில்தான் இயங்குகின்றன. ஒரே சம்பளத்தில் கொஞ்சம் அஞ்சறைப் பெட்டியிலும் மீதம் அரிசிப் பானையிலும் வைத்திருப்பது போன்றது இது. அதிலிருந்து இதற்கு மாற்றி வைப்பதால் சம்பளம் உயராது.

நண்பர்கள் சொல்லும் ரெஜிஸ்ட்ரி வழி, இன்டெல் என்ற கிளைக்குள் ஜிஎம்எம் என்றொரு விசையை உருவாக்கி, அதில் டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ் என்ற மதிப்புக்கு 512 என்று கொடுப்பது. இது நினைவகத்தில் ஒரு பைட்டைக்கூடக் கூட்டுவதில்லை. ‘உன்னிடம் வீடியோ நினைவகம் எவ்வளவு?’ என்று கேட்கும் மென்பொருளுக்குச் சொல்லப்படும் பதிலை மட்டுமே மாற்றுகிறது. சில பழைய விளையாட்டுகள் தொடங்கும்போதே அந்த எண்ணைச் சோதித்து, குறைவாக இருந்தால் திறக்க மறுத்துவிடும். அப்படிப்பட்ட விளையாட்டுக்கு மட்டும், ரெஜிஸ்ட்ரியை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, இதை முயன்று பார்க்கலாம். மற்றபடி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, ஒன்றுகூட உயராது. ஜிடிஏ 5 விஷயத்தில் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அதன் கிராஃபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில், பயன்படும் வீடியோ நினைவகத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அந்த வரம்பு உங்களைத் தடுத்தால், பரிந்துரைத்த வரம்புகளைப் பொருட்படுத்தாமல் தொடரும் தேர்வும் அதே பக்கத்தில் உண்டு.

பயாஸில் டிவிஎம்டி ப்ரீ-அலோகேட்டட் என்ற பெயரில் இந்த ஒதுக்கீட்டை மாற்றும் வரி சில கணினிகளில் இருக்கும். ஆனால் மடிக்கணினி நிறுவனங்கள் பெரும்பாலும் அதை மறைத்தே அனுப்புகின்றன. அது இல்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

இனி கடைசி வரிக்கு வருகிறேன். உங்கள் செயலியில் இருப்பது ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்தான். ஆனால் ரேம் இரட்டைத் தடத்தில், அதாவது டூயல் சேனலில் இயங்கினால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்பது இன்டெல் வைத்திருக்கும் நிபந்தனை. ஒரே ஒரு ரேம் துண்டு மட்டும் இருந்தால், அதே கிராஃபிக்ஸ் யுஎச்டி என்ற பெயரில் தோன்றும். பெயர் மாறுவதோடு இது நிற்பதில்லை. டிடிஆர்4-3200 ரேம் ஒரு துண்டாக இருக்கும்போது நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவை அனுப்பும், இரண்டு துண்டுகளாக இருக்கும்போது 51.2 ஜிபி அனுப்பும். இதைச் செயலியும் கிராஃபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 என்ற பழைய, எளிய தனி அட்டைக்கே நொடிக்கு 128 ஜிபி தனக்கு மட்டுமென்று இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் தடுமாறுவது பெரும்பாலும் நினைவகத்தின் கொள்ளளவு போதாமல் அன்று, அதன் வேகம் போதாமல்தான்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து, ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியைப் பாருங்கள். 2-இல் 1 என்று இருந்தால், உங்களுக்கான தீர்வு காலியாக இருக்கும் அந்த இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள துண்டின் அளவும் வேகமும் கொண்ட இன்னொரு 8 ஜிபி துண்டைப் பொருத்துங்கள். பின்பக்கத்தைத் திறந்தால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு டிவைஸ் மேனேஜரில் பெரும்பாலும் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே தோன்றிவிடும். வேக வேறுபாடோ விளையாடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ரைசன் 5 5500யு, 8 ஜிபி ரேம். பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ் என்பதை ஆட்டோவிலிருந்து 4ஜி என்று மாற்றினேன். இப்போது டாஸ்க் மேனேஜர் 4 ஜிபி தனி வீடியோ நினைவகம் என்று காட்டுகிறது. ஆனால் விளையாட்டு முன்பைவிட அதிகமாகத் திக்கித் திக்கி ஓடுகிறது, உலாவியைத் திறந்தாலே கணினி நின்றுவிடுகிறது. ரேம் பழுதாகிவிட்டதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ரேம் நலமாக இருக்கிறது, அதில் பாதியை நீங்கள் பூட்டி வைத்துவிட்டீர்கள். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்தால், நிறுவப்பட்ட ரேம் 8 ஜிபி என்பதற்குப் பக்கத்தில், பயன்படுத்தத்தக்கது 4 ஜிபிக்கும் குறைவு என்று எழுதியிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற வரியிலும் அதே கணக்கைக் காணலாம்.

இன்டெல் மாணவருக்குச் சொன்ன இரண்டு வகைகளில், பகிர்வு நினைவகம் தேவைக்கேற்ப வந்து போகும். ஆனால் பயாஸ் ஒதுக்கும் பகுதி அப்படியன்று. விளையாட்டு ஓடாத நேரத்திலும், ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போதும்கூட, அந்த 4 ஜிபியை விண்டோஸால் தொட முடியாது. விண்டோஸ், வைரஸ் தடுப்பு, உலாவி, இவற்றோடு விளையாட்டின் செயலி சார்ந்த தரவு அனைத்தும் மிச்சமிருக்கும் நாலு ஜிபிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். இடம் போதாதபோது விண்டோஸ் சில பகுதிகளை எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது மீண்டும் கொண்டுவருகிறது. எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. நீங்கள் பார்க்கும் திக்கல், அந்தத் தரவு திரும்பி வரும்வரை விளையாட்டு காத்திருக்கும் நேரமே ஆகும்.

அமைப்பை ஆட்டோ அல்லது 512 எம்பிக்குத் திருப்பி வையுங்கள். எண்ணைச் சோதித்து அடம்பிடிக்கும் விளையாட்டு ஏதேனும் இருந்தால் மட்டும் 1 ஜிபி வரை போகலாம். 8 ஜிபி ரேமில் அதற்கு மேல் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 16 ஜிபி இருப்பவர்கள் 2 ஜிபி வைக்கலாம், சில விளையாட்டுகளுக்காக 4 ஜிபியையும் முயலலாம். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக் இதற்கு நல்ல உதாரணம். ஏஎம்டியின் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸும் 16 ஜிபி ரேமும் கொண்ட அந்தக் கருவியை, விளையாட்டுக்காகவே உருவாக்கியிருந்தும், 1 ஜிபி ஒதுக்கீட்டோடுதான் அனுப்பினார்கள். பயாஸில் அதை 4 ஜிபியாக உயர்த்தும் வசதியும் கொடுத்திருந்தார்கள். உயர்த்தியவர்களுக்குச் சில விளையாட்டுகள் சீராக ஓடின, வேறு பலவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. காரணம், சில விளையாட்டுகள் ஒதுக்கப்பட்ட எண்ணை மட்டும் பார்த்துத் தங்கள் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. பகிர்வு நினைவகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுக்கு நன்றாக எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கு இந்த அமைப்பு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே 16 ஜிபி வைத்திருப்பவர்கள் யார் பேச்சையும் நம்பாமல், நீங்கள் ஆடும் விளையாட்டில் நீங்களே அளந்து பாருங்கள். விளையாட்டின் ஒரே இடத்தில், ஒரே அமைப்புகளோடு, ஒதுக்கீட்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் ஓட்டி, சராசரி எஃப்பிஎஸ்ஸைவிடவும் அது எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திக்கல் தெரிவது சராசரியில் இல்லை, அந்தக் கீழ் எண்ணில்தான்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் மடிக்கணினியில் விளையாடுகிறான். விளையாட்டின் அமைப்புகளில் எதைக் குறைத்தால் வீடியோ நினைவகம் மிச்சமாகும் என்று எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும் என்பது என் கட்சி, டெக்ஸ்சரைத்தான் குறைக்க வேண்டும் என்பது அவன் கட்சி. (பள்ளி ஆசிரியர், மதுரை)

பதில்: நினைவகக் கணக்கில் உங்கள் மகன் சொல்வது சரி, வேகக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆசிரியர் என்பதால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுப் படத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி போதும். விளையாட்டு இப்படிப்பட்ட இடைநிலைப் படங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் வைத்திருந்தாலும், அவை நினைவகத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதில்லை. இப்போது சுவர், தரை, சட்டை, மரப்பட்டை ஆகியவற்றின் மேல் போர்த்தப்படும் டெக்ஸ்சர் படங்களைப் பாருங்கள். 4096க்கு 4096 அளவுள்ள ஒரே ஒரு டெக்ஸ்சர், சுருக்கப்படாமல் இருந்தால் 64 எம்பி பிடிக்கும். விளையாட்டுகள் பயன்படுத்தும் சுருக்க முறையில் அது 16 எம்பி அளவுக்கு வரும். ஒரு காட்சியில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கலாம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்து 2048க்கு 2048 ஆக்கினால், நீளமும் அகலமும் பாதியாவதால் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்காகி 4 எம்பிக்கு இறங்கிவிடும். நிழலுக்கும் இதே கணக்குதான், நிழல் தரத்தை ஒரு படி இறக்கினாலும் அதன் நினைவகம் நான்கில் ஒன்றாகலாம்.

ஆனால் டெக்ஸ்சரைக் குறைத்ததால் மட்டும் எஃப்பிஎஸ் பெரிதாக உயர்ந்துவிடாது. நினைவகம் நிரம்பி வழிந்ததால் ஏற்பட்ட திக்கல்தான் நிற்கும். வேகத்துக்கு உங்கள் வழிதான். 1280க்கு 720 என்ற அளவில் 9,21,600 புள்ளிகளே இருப்பதால், கிராஃபிக்ஸ் வரைய வேண்டியது பாதிக்கும் குறைவாகிறது, ரேமிலிருந்து தரவு வந்துபோகும் நெரிசலும் குறைகிறது. விளையாட்டில் எஃப்எஸ்ஆர் என்ற வசதி இருந்தால், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வேலையை அது ஓரளவு நேர்த்தியாகச் செய்யும். ஏஎம்டி உருவாக்கியதானாலும், அதன் முதல் இரண்டு தலைமுறைகள் இன்டெல் கிராஃபிக்ஸிலும் இயங்கும்.

கேள்வி: வீடியோ ரேம் பூஸ்டர் என்ற பெயரில் கிடைக்கும் மென்பொருள்களை நிறுவலாமா? பயாஸில் மறைந்திருக்கும் பக்கத்தைத் திறந்து 2 ஜிபி ஆக்கும் காணொளிகளும் வருகின்றனவே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம், இரண்டுமே வேண்டாம். இல்லாத நினைவகத்தை உண்டாக்கும் மென்பொருள் உலகில் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்பவை மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி எண்ணை மாற்றிவிட்டு நிற்பவையாக இருக்கும், அல்லது விளம்பரத்தையும் உளவு நிரல்களையும் உங்கள் கணினிக்குள் கொண்டுவருபவையாக இருக்கும்.

மறைந்திருக்கும் பயாஸ் அமைப்புகளை வெளிக்கருவியால் மாற்றுவது இதைவிட ஆபத்தானது. அந்த அமைப்பு பயாஸுக்குள் சேமிக்கப்படும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், ஒரே மாடலின் பயாஸ் பதிப்புகளுக்கிடையேகூட மாறலாம். காணொளியில் காட்டிய எண்ணை உங்கள் கணினியில் எழுதினால், வேறு ஏதோ ஓர் அமைப்பின் மேல் எழுதிவிட்டு, மறுமுறை திரையே ஒளிராத நிலைக்கு வந்துவிட வாய்ப்பிருக்கிறது. பிறகு மதர்போர்டில் உள்ள சில்லில் பயாஸை நேரடியாக எழுதத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இந்தக் கருவிகள் பலவற்றுக்கு செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைக்கவும் சொல்கிறார்கள். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாடுபவர்கள் அதை அணைத்தால், அந்த விளையாட்டின் வான்கார்டு பாதுகாப்பு நிரல் உள்ளே விடாது. நினைவகத்தைக் கூட்டப் போய் விளையாட்டையே இழப்பது யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: பள்ளியில் படிக்கும்போது அரசு வழங்கிய மடிக்கணினி, 4 ஜிபி ரேம். பயாஸில் வீடியோ நினைவகத்தை எவ்வளவு வைக்கலாம்? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்களுக்கு மட்டும் நேர்மாறான அறிவுரை. பயாஸில் அந்த வரி இருந்தால், அது அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். 4 ஜிபியில் விண்டோஸுக்கே மூச்சு முட்டும் நிலையில், ஒவ்வொரு நூறு எம்பியும் முக்கியம். ரேம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்த பிறகு விளையாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: தனி கிராஃபிக்ஸ் அட்டை வாங்க வசதியில்லை. புதிதாக மடிக்கணினி வாங்கப் போகிறேன், அவ்வப்போது விளையாட வேண்டும். புதிய கணினிகளில் வீடியோ நினைவகத்தை விண்டோஸுக்குள்ளேயே மாற்றலாம் என்கிறார்களே, அதைப் பார்த்து வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: அந்த வசதி உண்மைதான். ஏஎம்டி தனது ரைசன் ஏஐ 300 வரிசைச் செயலிகளுக்கு, அட்ரினலின் மென்பொருளிலேயே வேரியபிள் கிராஃபிக்ஸ் மெமரி என்ற அமைப்பைக் கொடுத்திருக்கிறது. பயாஸுக்குள் போகாமலே, மொத்த ரேமில் 75 சதவீதம் வரை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கலாம், மாற்றிய பிறகு கணினியை ஒருமுறை அணைத்து ஏற்ற வேண்டும். இன்டெல் 2025-இல் கோர் அல்ட்ரா செயலிகளுக்குத் தன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் இதையொத்த ஒரு வசதியைச் சேர்த்தது. ஆனால் அது எதையும் நிரந்தரமாகப் பூட்டி வைப்பதில்லை, பகிர்வு நினைவகத்தின் உச்சவரம்பை மட்டும் உயர்த்துகிறது. எனக்கு இன்டெல் எடுத்த வழியே நல்லதாகப் படுகிறது, விளையாடாத நேரத்தில் ரேம் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டுமே பெரிய அளவில் பயன்படுவது, கணினியிலேயே ஏஐ மாதிரிகளை இயக்குபவர்களுக்குத்தான். விளையாடுபவருக்கு இதுவே வாங்குவதற்கான காரணமாக இருக்கக் கூடாது.

கிராஃபிக்ஸ் பகுதி எவ்வளவு பெரியது என்பதை முதலில் பாருங்கள். ரைசன் 5 7520யு செயலியில் ரேடியான் 610எம் கிராஃபிக்ஸ் இருக்கிறது, அதில் படம் வரையும் கணக்குகளைச் செய்யும் கணக்கீட்டு அலகுகள் (கம்ப்யூட் யூனிட்) இரண்டே இரண்டு. ரைசன் 7 7840யு செயலியின் ரேடியான் 780எம் கிராஃபிக்ஸில் 12 இருக்கின்றன. முதலாவதற்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்கினாலும் இரண்டாவதை எட்டாது. இரண்டும் ரைசன் 7000 வரிசை என்றே விளம்பரத்தில் வரும் என்பதால், செயலியின் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரேம். மெல்லிய மடிக்கணினிகளில் எல்பிடிடிஆர் வகை ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இதில் நன்மையும் உண்டு, 128 பிட் அகலத்தில் இயங்கும் எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500 ரேம் நொடிக்கு 120 ஜிபி தரும், ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு அது பெரிய வரம். ஆனால் வாங்கிய பிறகு கூட்டவே முடியாது என்பதால், இந்த வகையில் 16 ஜிபிக்குக் குறைவாக எடுக்காதீர்கள். ரேமைக் கழற்றி மாட்டும் மாடலாக இருந்தால் 8 ஜிபியோடு தொடங்கலாம், ஆனால் இரண்டாவது துண்டுக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்லாட் எண்ணிக்கையையும் ரேமின் வேகத்தையும் நீங்களே பாருங்கள். பற்றவைத்த ரேமில் இந்த ஸ்லாட் வரி சரியான படத்தைத் தராமல் போகலாம், அப்போது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் விவரத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏஐ கணினி என்று பெரிய எழுத்தில் ஒட்டி, பற்றவைத்த 8 ஜிபி ரேமோடு விற்கும் மாடல் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.